பித்துப் பிடித்தால்தான் கலை பிறக்குமா? கலைஞர்களின் மனநலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைப்பாற்றலுக்கும் மனநோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் ஊரார் நம்பும் அளவுக்கு அது பெரிதன்று. நம்பும் வடிவத்திலும் அது இல்லை. இந்தப் பொருளில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று சுவீடனில் நடந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் கியாகாவும் அவருடைய குழுவினரும் அந்நாட்டு மருத்துவப் பதிவேடுகளையும் மக்களின் தொழில் பற்றிய பதிவேடுகளையும் இணைத்து, ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளையும் அவர்களுடைய உறவினர்களையும் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கலைத் தொழில்களில் இருப்பவர்களையும் அறிவியல் ஆய்வில் இருப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, மற்றவர்களைக் காட்டிலும் அவர்களிடம் மனநோய் பொதுவாக அதிகமாக இல்லை. மனம் அளவு மீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறு ஒன்றுதான் விதிவிலக்கு. அதிலும் கூடுதல் சுமார் 8 விழுக்காடே.

அந்த ஆய்வில் தலைப்புச் செய்தியாகாத இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனைக் கோளாறு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களின் நோயற்ற நெருங்கிய உறவினர்கள், அதாவது அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர், படைப்புத் தொழில்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட அதிகமாகக் காணப்பட்டனர். குடும்பத்தில் வழிவழியாக வரும் ஏதோ ஓர் இயல்பு, சிறிதளவு வாய்த்தவருக்குக் கற்பனைக்குத் துணையாகவும், அளவு மீறி வாய்த்தவருக்கு நோயாகவும் அமையக்கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஐஸ்லாந்து மக்களின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஆனால் ஒருவர் கலைஞராவதில் அந்த மரபணு இயல்புகளுக்கு இருந்த பங்கு மிகமிகச் சிறியது. நோயின் நிழல் விழுந்த குடும்பத்தில் கலை பிறக்க வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதும், நோய்தான் கலையைப் பெற்றெடுக்கிறது என்பதும் முற்றிலும் வெவ்வேறு கூற்றுகள்.

எழுத்தாளர்களுக்கு மட்டும் பாதிப்பு அதிகம் என்கிறார்களே?

அதே சுவீடன் ஆய்வில் எழுத்தாளர்கள் தனித்துத் தெரிந்தனர் என்பது உண்மை. இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாதல் ஆகிய அனைத்தும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. தற்கொலையால் இறப்பதற்கான வாய்ப்பும் பொதுமக்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. நடனக் கலைஞர்களையும் ஓவியர்களையும் விட்டுவிட்டு இது எழுத்தாளர்களை ஏன் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. தனிமையில் உட்கார்ந்து, தன் நினைவுகளையே மூலப்பொருளாகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் பலன் தெரியாமல் செய்யும் வேலை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நிலையற்ற உடல்நிலையோடு அலுவலக வேலையில் நீடிக்க முடியாதவர்கள், தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளக்கூடிய எழுத்தை நாடுகிறார்கள் என்பது மற்றொன்று.

இதற்கு முன்னர் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது, அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 1987இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை பயிற்றும் எழுத்தாளர் பட்டறையோடு தொடர்புடைய 30 எழுத்தாளர்களையும் வேறு தொழில்களைச் சேர்ந்த 30 பேரையும் அவர் நேரில் கண்டு விசாரித்தார். எழுத்தாளர்களில் 80 விழுக்காட்டினர் வாழ்வில் ஒருமுறையேனும் மனநிலைக் கோளாற்றுக்கு ஆளாகியிருந்தனர். மற்றவர்களில் அது 30 விழுக்காடு. எண்கள் திடுக்கிட வைக்கின்றன. ஆனால் பங்கேற்றோர் மிகச் சிலர்; விசாரித்தவரும் ஒருவரே; எதிரே இருப்பவர் எழுத்தாளரா இல்லையா என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதே ஆய்வாளர் சொன்ன இன்னொன்றை மேற்கோள் காட்டுவோர் அரிது: அந்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் மனநிலை சீராக இருந்த நாட்களில்தான் எழுதினார்கள்; எழுச்சியின் உச்சியிலும் சோர்வின் ஆழத்திலும் அவர்களால் உருப்படியாக எழுத முடியவில்லை.

மேதைக்குப் பித்தும் கூடவே இருக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

மிகப் பழைய எண்ணம் இது. கவிஞனுக்கு வருவது தெய்வம் அருளிய பித்து என்று பிளேட்டோ எழுதினார். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஒரு நூல், மெய்யியலிலும் அரசியலிலும் கவிதையிலும் கலையிலும் சிறந்து விளங்கியவர்கள் அனைவரும், சோர்வுக்குக் காரணமென்று பழைய மருத்துவம் கருதிய கரும்பித்தம் மிகுந்தவர்களாக இருப்பது ஏன் என்று கேட்கிறது. தமிழர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒருவன் நிலை தடுமாறினால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்கிறோம். அதே சொல்லால் இறைவனையும் பித்தன் என்று அழைக்கிறோம். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் பாடிய முதல் பதிகத்தின் முதல் சொல்லே அதுதான். உடலின் நோய்க்கும் உள்ளத்தின் உன்மத்தத்துக்கும் அடியாரின் பக்திக்கும் ஒரே சொல்லைப் புழங்கும் மொழியில், பித்து என்பது வெறும் வசையாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் பழைய மரபுகள் பேசியது ஒரு நிலையைப் பற்றி; நோயைப் பற்றி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது நோயாக மாற்றப்பட்டது. இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ, மேதைமையே ஒருவகைச் சீரழிவு நோய் என்று 1864 முதல் எழுதி வந்தார். அந்தக் கருத்து பின்னாளில் எங்கே போய் முடிந்தது என்பதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வின்சென்ட் வான் கோ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு அல்லவா?

எல்லோரும் முதலில் சுட்டும் பெயர் அதுதான் என்பதால், அவருடைய வாழ்வின் தேதிகளைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. தேதிகளை வரிசைப்படுத்தினால் கதை தலைகீழாகிவிடுகிறது.

1853இல் நெதர்லாந்தில் பிறந்த வான் கோ, ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், தம் 27ஆம் வயதில். அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் ஓவியங்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களையும் நீர்வண்ணங்களையும் படைத்தார். இது பித்தின் வேகம் என்று சொல்பவர்கள், தொடக்க ஆண்டுகளில் அவர் ஒரு பயிற்சி நூலின் மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக் கை பழகியதையும், தொலைவையும் அளவையும் சரியாகப் பிடிக்க மரச்சட்டம் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டதையும், தம்பி தியோ மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் வண்ணக் குழாய்களுக்குக் கணக்குப் பார்த்ததையும் மறந்துவிடுகிறார்கள். அவர் எழுதியவற்றுள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் படிப்பவருக்குத் தெரிவது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைக்க வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் போடும் ஒரு தொழிலாளி.

தென்பிரான்சின் ஆர்ல் நகரில் 1888 டிசம்பர் 23 அன்று அவர் தம் காதை அறுத்துக்கொண்டார். நோயின் முதல் கடுமையான தாக்குதல் அதுவே. சூரியகாந்தி ஓவியங்கள் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே தீட்டப்பட்டுவிட்டன. மறு ஆண்டு, அண்டை வீட்டார் சுமார் முப்பது பேர் அவரை அப்புறப்படுத்தக் கோரி நகரத் தலைவருக்கு மனுக் கொடுத்தனர். 1889 மே 8 அன்று சேன்-ரெமி என்ற ஊரிலிருந்த மனநல விடுதியில் அவர் தாமே விரும்பிச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் படுக்கை அறையோடு ஓவியக் கூடமாக இன்னோர் அறையும் கொடுக்கப்பட்டது. உலகம் நன்கறிந்த ‘விண்மீன் இரவு’ ஓவியம் அங்கே ஜூன் மாதத்தில் உருவானது. படுக்கை அறைச் சன்னலில் கண்ட வானத்தை, கீழ்த்தளக் கூடத்தில் பகல் வெளிச்சத்தில், நினைவிலிருந்தும் கற்பனையிலிருந்தும் தீட்டினார். அந்த விடுதியில் அவருக்கு அடுத்த தாக்குதல் வந்தது ஜூலை நடுவில். அதாவது, பித்தின் சாட்சியமாகச் சுவரொட்டிகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் அச்சிடப்படும் அந்த ஓவியம், நோய் விலகியிருந்த தெளிவான வாரங்களில் தீட்டப்பட்டது.

தாக்குதல் வந்தபோது என்ன நடந்தது? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை அவர் தூரிகையைத் தொடவில்லை. வண்ணங்களை எடுத்து விழுங்க முயன்றதால் மருத்துவர்கள் அவற்றை அவரிடமிருந்து விலக்கி வைத்திருந்தனர். 1890 பிப்ரவரி பிற்பகுதியில் தொடங்கிய தாக்குதல் இரண்டு மாதம் நீடித்தது. இந்த ஓராண்டில் அவர் தீட்டிய ஏறத்தாழ 150 ஓவியங்களில் பெரும்பாலானவை நோய்க்கும் நோய்க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தவை. நோயைப் பற்றி அவரே என்ன நினைத்தார் என்பதிலும் ஐயமில்லை. இந்தச் சனியன் பிடித்த நோய் இல்லாமல் வேலை செய்ய முடிந்திருந்தால் எவ்வளவோ செய்திருப்பேனே என்ற பொருள்பட, 1890 மே மாதம் தம்பிக்கு எழுதினார். வேலையை அவர் நோய்க்கு எதிரான இடிதாங்கி என்று குறிப்பிட்டார். இடிதாங்கிக்குப் பெருமை சேர்க்காமல் இடிக்குப் பெருமை சேர்ப்பதைத்தான் நாம் நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறோம். 1890 ஜூலை 29 அன்று, 37ஆம் வயதில், இரண்டு நாட்களுக்கு முன் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட காயத்தால் அவர் இறந்தார்.

அவருக்கு இருந்த நோய்தான் என்ன?

அவரைக் கவனித்த மருத்துவர்கள் ஒருவகை வலிப்பு நோய் என்றார்கள். பிறகு வந்தவர்கள் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, ஈய நஞ்சு, மேகநோய் (சிபிலிஸ்) என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 2020இல் டச்சு மனநல மருத்துவர்கள் அவருடைய கடிதங்களை மீண்டும் முறைப்படி ஆராய்ந்து, இருமுனைக் கோளாற்றோடு ஆளுமைச் சிக்கலும் சேர்ந்திருக்கக்கூடும் என்றும், காதறுப்புக்குப் பிந்தைய மனக்குழப்பத்தில் திடீரென மது நின்றுபோனதற்கும் பங்கிருக்கலாம் என்றும் கருதினர். இறந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது; ஆகவே இது தீராத வழக்கு.

அவருடைய மஞ்சள் நிறத்துக்கு அவர் உட்கொண்ட மருந்தே காரணம் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

டிஜிடாலிஸ் என்ற மூலிகை மருந்து பார்வையை மஞ்சளாக்கும் என்பதும், அவரைக் கவனித்த மருத்துவர் காஷே, வான் கோ தீட்டிய ஓவியத்தில் அந்த மூலிகையோடு இருக்கிறார் என்பதும் சேர்ந்து பிறந்த ஊகம் அது. வான் கோ அந்த மருந்தை உட்கொண்டதற்குச் சான்றில்லை. மஞ்சள் கொழிக்கும் ஓவியங்கள் 1888ஐச் சேர்ந்தவை. காஷேயை அவர் சந்தித்ததோ 1890 மே மாதத்தில். அவருக்கு மஞ்சள் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மனவெழுச்சிக் காலத்தில் படைப்புப் பெருகுமா?

எண்ணிக்கை பெருகலாம். தரம் பெருகுவதாகத் தெரியவில்லை. இதை அளந்து பார்க்க வாய்ப்பளித்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் சூமான். 1810இல் பிறந்த அவர் 1840ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 140 பாடல்களுக்கு இசையமைத்தார்; நோயுற்றுச் சோர்ந்திருந்த 1844இல் ஏறக்குறைய எதையும் முடிக்கவில்லை; 1849இல் மீண்டும் பொழிந்தார். 1854 பிப்ரவரியில் ரைன் ஆற்றில் குதித்து மீட்கப்பட்டு, பான் நகருக்கு அருகே எண்டெனிக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1856 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். எழுச்சி வந்த ஆண்டுகளில் படைப்புகள் குவிந்ததையும் சோர்வு வந்த ஆண்டுகளில் வற்றியதையும் வரைபடமாக்கி, இருமுனைக் கோளாறு கலைக்கு உரம் போடுகிறது என்று பலர் எழுதினர்.

உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் அந்த வரைபடத்தின் மேல் ஒரு எளிய கேள்வியை வைத்தார். குவிந்தது சரி, அவை நல்ல படைப்புகளா? ஒவ்வொரு படைப்பும் பின்னாளில் எத்தனை முறை இசைத்தட்டாகப் பதிவு செய்யப்பட்டது என்பதை அதன் மதிப்புக்கு அளவுகோலாகக் கொண்டு அவர் கணக்கிட்டார். எழுச்சி ஆண்டுகளில் பிறந்த படைப்புகளில் சிறந்தவற்றின் விகிதம் கூடவில்லை. அதிகம் எழுதியதால் நல்லவையும் எண்ணிக்கையில் கூடின. ஆனால் எழுச்சி அவருடைய கற்பனையைக் கூர்மையாக்கியதாகக் காட்ட முடியவில்லை. அந்த அளவுகோலில் குறை காணலாம், நானும் காண்பேன். ஆனால் ஒன்றை நினைவூட்ட வேண்டும்: 1840 என்பது நீண்ட வழக்குக்குப் பிறகு சூமான் தாம் காதலித்த கிளாராவை மணந்த ஆண்டு. அந்தப் பாடல்களுக்கெல்லாம் நோய்தான் காரணம் என்று சொல்ல ஒருவருக்குக் கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும். அவருடைய இறுதி நோய் மேகநோயின் விளைவா என்ற விவாதமும் இன்னும் முடியவில்லை.

மருந்து சாப்பிட்டால் படைப்பாற்றல் மழுங்கிவிடாதா?

கலைஞர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் முதல் காரணம் இதுவே. ஆகவே இதற்குப் பூசி மெழுகாமல் விடை சொல்ல வேண்டும். சிலருக்குச் சில மருந்துகள் மந்தத்தையும் கை நடுக்கத்தையும் தரும். வீணை வாசிப்பவருக்கும் தூரிகை பிடிப்பவருக்கும் கை நடுக்கம் சிறிய விஷயம் அன்று. மருந்தின் அளவை மாற்றியோ மருந்தையே மாற்றியோ பெரும்பாலும் இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்கு, தன் தொழில் என்ன என்பதையும் எந்தத் திறன் குறைகிறது என்பதையும் கலைஞர் தம் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவரும் அதைக் காதில் வாங்க வேண்டும்.

இருமுனைக் கோளாற்றுக்கு லித்தியம் என்ற மருந்து பயன்படும் என்று ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் 1949இல் காட்டினார். அதைப் பரவலாக்கிய டேனிஷ் மருத்துவர் மோகன்ஸ் ஷூ, லித்தியம் எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடமும் எழுத்தாளர்களிடமும் விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் தங்கள் படைப்பு பெருகியதாகச் சொன்னார்கள்; 6 பேர் மாற்றமில்லை என்றார்கள்; 6 பேர் குறைந்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆயினும் நான்கில் மூன்று பங்கினர் எதையும் இழக்கவில்லை என்பதும், நான்கில் ஒருவர் இழந்ததாக உணர்ந்தார் என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும்.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் இங்கே நினைவுக்கு வருகிறார். ஐந்து வயதில் தாயையும், பதின்மூன்று வயதில் அக்காளையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தம் துன்பங்கள் தம் கலையிலிருந்து பிரிக்க முடியாதவை என்று கருதியவர். 1908இல் குடியும் பதற்றமும் முற்றி நிலைகுலைந்து, கோபன்ஹேகனில் மருத்துவர் யாகப்சன் நடத்திய மருத்துவமனையில் எட்டு மாதம் தங்கினார். அதன் பிறகு 1944இல் தம் 80ஆம் வயதில் இறக்கும்வரை ஓயாமல் தீட்டினார். ஓஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தை நிறைத்து நிற்கும், உதயசூரியனை நடுவே கொண்ட பெரும் ஓவியத் தொகுதி அந்தப் பிற்கால வேலை. முற்கால ஓவியங்களின் உக்கிரம் இவற்றில் இல்லை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. இருக்கலாம். ஐம்பதைத் தொடும் ஓவியர் முப்பதில் தீட்டியதையே மீண்டும் தீட்ட வேண்டும் என்று வேறு யாரிடமும் நாம் எதிர்பார்ப்பதில்லை.

ஓவியத்தையோ கவிதையையோ பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. முடியும் என்ற நம்பிக்கையைப் பரப்பிய படவரிசை ஒன்று இன்றும் கைபேசிகளில் உலா வருகிறது. சாதாரணப் பூனையில் தொடங்கி, படிப்படியாக மிரண்ட கண்களுள்ள பூனையாகி, இறுதியில் கோலம்போல் சிதறும் வண்ண வடிவமாக முடியும் அந்தப் படங்கள் ஆங்கிலேய ஓவியர் லூயிஸ் வெயின் வரைந்தவை. ‘மனச்சிதைவு முற்ற முற்ற ஓவியம் எப்படிச் சிதைகிறது பாருங்கள்’ என்று உளவியல் பாடநூல்களே அவற்றை அச்சிட்டன. உண்மையில் அந்தப் படங்களில் தேதி இல்லை. 1939இல் லண்டனில் ஒரு பழைய பொருள் கடையிலிருந்து அவற்றை வாங்கிய மனநல மருத்துவர் வால்டர் மக்லே, தாம் எதிர்பார்த்த வரிசையில் தாமே அவற்றை அடுக்கினார். 1924இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகும் வெயின் தம் வழக்கமான பூனைகளை வரைந்துகொண்டுதான் இருந்தார். சிதறிய வடிவங்கள் அவருடைய அலங்காரச் சோதனைகளாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வரிசை அடுக்கியவரின் மனத்தைத்தான் அந்தப் படவரிசை நமக்குக் காட்டுகிறது.

கலைஞனைப் பித்தனாகப் பார்ப்பதால் யாருக்கு என்ன நட்டம்? அது ஒரு பெருமைதானே?

அந்தப் பெருமை ஒரு நூற்றாண்டுக்குள் கொலைக் கருவியானது. மேதைமை ஒரு சீரழிவு என்ற லொம்ப்ரோசோவின் கருத்தை, அவருக்கே தம் நூலைக் காணிக்கையாக்கிய எழுத்தாளர் மாக்ஸ் நோர்டாவ், 1890களில் நவீன கலை முழுவதன் மேலும் ஏற்றினார். மறுபுறம், ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் பணிபுரிந்த ஹான்ஸ் பிரின்ஸ்ஹோர்ன், நோயாளிகள் படைத்த ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றி மதிப்போடு ஒரு நூல் எழுதினார். ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அதைக் கண்டு வியந்தனர். நாஜிகள் இரண்டையும் முடிச்சுப்போட்டனர். 1937இல் மியூனிக்கில் தொடங்கிய ‘சீரழிந்த கலை’ கண்காட்சி ஊர் ஊராகச் சென்றபோது, நவீன ஓவியர்களின் படைப்புகளுக்குப் பக்கத்தில் ஹைடல்பெர்க் நோயாளிகளின் படைப்புகளை வைத்து, இரண்டும் ஒன்றே என்று எள்ளினர்.

எள்ளலோடு அது நிற்கவில்லை. 1899இல் பிறந்த எல்ஃப்ரீட லோசே-வெக்ட்லர் ஹாம்பர்க் நகரின் ஏழைகளையும் மதுக்கடை மாந்தரையும் வரைந்த ஓவியர். 1932இல் மனச்சிதைவு என்று முடிவு கட்டப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், அங்கும் வரைந்தார். 1935இல் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அதன் பின் அவருடைய படைப்பு நின்றுபோனது. 1940 ஜூலையில் பிர்னா-சொனென்ஸ்டைன் கொலைக்கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

‘ழ’ சிற்றிதழின் ஆசிரியரும் கவிஞருமான ஆத்மாநாம் (1951–1984) மனநோயோடு போராடி, 33ஆம் வயதில் தற்கொலையால் இறந்தார். அவருடைய கவிதைகளை இறப்பிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அப்படிப் படிப்பவர்கள் அவருடைய எள்ளலையும், நெருக்கடிநிலைக் காலத்து அரசியல் கூர்மையையும், சிக்கனமான தெளிந்த மொழியையும் தவறவிடுகிறார்கள். அவர் நமக்குத் தந்தது கவிதை. நோய் தந்தது, எழுதப்படாமல் போன கவிதைகளை.

கலை வாழ்க்கையே மனநலத்தைக் கெடுக்குமா?

கலை கெடுப்பதில்லை, கலையால் பிழைக்க வேண்டிய நிலை கெடுக்கும். நிலையான வருமானம் இல்லாமை, இரவு முழுவதும் கச்சேரியோ படப்பிடிப்போ நடந்து பகலில் உறங்குவது, பருவத்துக்குப் பருவம் மாறும் வாய்ப்புகள், பொதுவெளியில் கிடைக்கும் அவமதிப்பு, வேலைக்குப் பிந்தைய மது ஆகிய ஒவ்வொன்றும் தனியே நின்றாலே ஒரு மனிதரைச் சாய்க்க வல்லது. இவற்றுள் தூக்கக் குலைவைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தொடர்ந்து சில இரவுகள் தூக்கம் கெட்டாலே எழுச்சி மூண்டுவிடலாம்.

படைப்பு வேலை மனநோயைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன், தாங்கிப் பிடிக்கும். ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா 1929இல் பிறந்தவர். சிறு வயது முதலே இல்லாத காட்சிகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. 1977 முதல் தோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தாமே விரும்பித் தங்கி, அருகிலுள்ள தம் ஓவியக் கூடத்துக்குச் சென்று வேலை செய்துவந்தார். மருத்துவமனையும் கூடமும் அடுத்தடுத்து இருந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வைக்கப்படவில்லை.

பிரேசிலில் நீஸ் ட சில்வைரா என்ற மருத்துவர், மின்னதிர்ச்சியையும் மூளை அறுவையையும் செய்ய மறுத்து, 1946இல் ரியோ நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு ஓவியக் கூடத்தைத் திறந்தார். 1952இல் அவர்களுடைய படைப்புகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. ஆனால் தொழில்முறைக் கலைஞருக்கு ஓவியம் எப்போதும் மருந்தாக இருப்பதில்லை. கெடு தேதியும் கடனும் கூடவே வரும் வேலை அது. அவருக்கு ஆறுதலாக அமைவது தோட்டமோ சமையலோ, யாரும் மதிப்பிடாத வேறு ஏதேனும் ஒன்றோ ஆகலாம்.

நெருங்கிய கலைஞர் ஒருவர் தடுமாறுவதாகத் தோன்றினால் என்ன செய்வது?

‘கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள்’ என்ற வாக்கியத்தை முதலில் விட்டுவிட வேண்டும். நோய் முற்றும்வரை காத்திருக்க அதைவிடச் சிறந்த சாக்கு கிடையாது. பல நாள் தூக்கமின்றியும் களைப்பின்றியும் இருப்பது, கையில் இருப்பதையெல்லாம் வாரி இறைப்பது, அல்லது எதிலும் நாட்டமின்றி முடங்குவது, பிரியமான கருவிகளையும் கையெழுத்துப் படிகளையும் பிறருக்குக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றிப் பேசுவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாமல் உடன் இருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அடுத்த வேலை.

இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று சொல்வதால், காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின்படி, தமக்கு நோய் தீவிரமாகும்போது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்பதை, தெளிவாக இருக்கும் நாட்களிலேயே ஒருவர் எழுதி வைக்கலாம். அடிக்கடி நிலை மாறும் நோயுள்ள கலைஞர், தம் கருவிகளும் முடிக்காத படைப்புகளும் அந்நாட்களில் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் தனித்தாளில் எழுதி நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.